குளிர்காலத்தில் விறகு பிளக்கும் யந்திரம்

கனடா, பின்லாந்து முதலிய வடநாடுகளில் பனிக்காலத்து உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 பாகை சென்டிகிரேட் வரையிலும், சிற்சில நாட்களில் அதனினும் கீழாகவும் இறங்குவதுண்டு. அங்கே இன்றும் பல இல்லங்கள் விறகுத் தீயினால் வெப்பம் பெறுகின்றன. ஈரமுள்ள மரம் உறைந்துவிட்டால் எளிதிற் பிளக்கும். ஆதலின் குளிர் மரத்தைப் பிளப்பார்க்கு நண்பனே. ஆயின் அவர் கையாளும் ஹைட்ராலிக் யந்திரத்திற்கு அதுவே பகையாகின்றது. இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் குறைவின்றிப் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. இதனைக்கொண்டு 1795-ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் அழுத்த யந்திரமொன்றிற்கு உரிமை பெற்றார். விறகு பிளக்கும் யந்திரமும் அதன் வழிவந்ததே. எஞ்சினாற் சுழலும் பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்த, பிஸ்டன் நகர்ந்து கட்டையையும் ஆப்பையும் ஒன்றோடொன்று நெருக்குகின்றது. சிலிண்டரின் குறுக்களவு 4 அங்குலமாகவும், எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 3,000 இராத்தலாகவும் இருப்பின், பிறக்கும் விசை ஏறக்குறைய 17 டன்னாகும்.

இத்துணை வலிய யந்திரத்திற்கும் ஒரு மெலிவிடம் உண்டு. பம்பு எண்ணெயைத் தானே இழுப்பதன்று. பம்பினுள் வெற்றிடம் உண்டாக, தொட்டியிலுள்ள எண்ணெயைக் காற்றின் அழுத்தமே அதனுள் தள்ளுகின்றது. அவ்வழுத்தமோ சதுர அங்குலத்திற்கு 15 இராத்தலுக்கும் சிறிது குறைவு. குளிரினால் எண்ணெய் பாகுபோல் தடித்துவிடின், இச்சிறு விசை அதனை வேண்டுமளவு செலுத்தமாட்டாது. அப்பொழுது பம்பினுள் குமிழிகள் தோன்றி, அழுத்தம் மிக்க பக்கத்தில் நொறுங்கி, உலோகத்தை அரிக்கின்றன. கூச்சலிடும் பம்பு பசித்திருக்கும் பம்பு என்று அறிக.

ஆதலின் எஞ்சினை இயக்கியவுடன் கட்டையை வைத்தலாகாது. சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பின்பு பிஸ்டனைச் சுமையின்றிப் பலமுறை முன்னும் பின்னும் செலுத்தி, எண்ணெய் முழுதும் சுற்றி இளகச் செய்தல் வேண்டும். எண்ணெயின் தேர்வும் முக்கியமானது. 32 என்னும் எண்ணுடைய எண்ணெய் 46 எண்ணுடையதினும் எளிதில் ஓடும். யந்திரத்தைச் செய்தோர் அனுமதித்த வகையையே கொள்க. தொட்டியிற் குளிர்ந்து படியும் நீர் அடியில் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் குளிர்காலத்திற்கு முன்னரே மாற்றிவிடுக.

இனி, உயிருக்குரிய எச்சரிக்கைகள் இரண்டு. குளிரில் விறைத்த குழாய் வெடித்துக் கசியுமாயின் கையால் தடவிப் பார்க்கலாகாது. ஊசிபோற் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். புண் சிறிதாகத் தோன்றினும், உடனே அறுவை மருத்துவம் செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைக் காண்பதே முறை. மேலும், குளிருக்கு அஞ்சி மூடிய கொட்டகையுள் எஞ்சினை ஓட்டுதல் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமின்றி வந்து உயிரைக் கவரும்.

பதினேழு டன் விசையும் பதினைந்து இராத்தலை நம்பியே நிற்கின்றது. காலையிற் சில நிமிஷம் பொறுப்பவன் பம்பைக் காப்பான்; பம்பு அவன் இல்லத்து அடுப்பைக் காக்கும்.