70,000 ரூபாயில் கேமிங் பிசி: எதுக்கு எவ்வளவு ஒதுக்கணும், எதில் கை வைக்கக் கூடாது?



வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆச்சுன்னா, காலேஜ் காலத்துலேர்ந்து மனசுல இருந்த ஆசை ஒண்ணு எட்டிப் பார்க்கும். "சொந்தமா ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணணும்." தப்பே இல்ல. உங்க சம்பாத்தியம், உங்க சந்தோஷம். ஆனா 50,000 ரூபாய்னு ஆரம்பிக்கிற பட்ஜெட், கடையை விட்டு வெளியே வரும்போது 90,000 ஆகி, மிச்சம் கிரெடிட் கார்டுல ஏறி உட்காரும் பாருங்க, அங்கேதான் பிரச்சனை. அது நடக்காம எப்படி வாங்குறதுன்னு இந்தப் பதிவுல பார்க்கலாம்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கலாம். கேமிங் பிசி முதலீடு இல்ல, செலவு. மூணு வருஷம் கழிச்சு வித்தா பாதி விலை கிடைச்சாலே பெருசு. அதனால மூணு மாச வீட்டுச் செலவுக்கான அவசர நிதி கையில இருக்கணும், கார்டு பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. இந்த ரெண்டும் ஓகேன்னா மேல படிங்க.

1. பார்ட்ஸுக்கு முன்னாடி மானிட்டரை முடிவு பண்ணுங்க

பலரும் கிராபிக்ஸ் கார்டுல ஆரம்பிப்பாங்க. ஆரம்பிக்க வேண்டியது ரெண்டு கேள்வியில: என்ன கேம் ஆடப் போறீங்க? எந்த ரெசல்யூஷன்ல?

1080பி திரையில சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-ல 36.9 லட்சம். 4கே-ல 82.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை பிக்சலையும் கிராபிக்ஸ் கார்டுதான் வரையணும். அதாவது 1080பி-லேர்ந்து 4கே-க்குப் போனா வேலை நாலு மடங்கு, கார்டு விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும். 70,000 பட்ஜெட்டுக்கு 1080பி தான் சரி.

அதே மாதிரி, நீங்க ஆடுறது வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்னா பிராசஸர்தான் முக்கியம், நடுத்தர கார்டே போதும். சைபர்பங்க் 2077 மாதிரி கேம்னா பணம் கார்டுக்குப் போகணும்.

2. 70,000-ஐப் பிரிக்கிறது எப்படி?

இது சிபியு பெட்டிக்கு மட்டும். பார்ட்ஸ் விலை, குறிப்பா ரேம், எஸ்எஸ்டி விலை, அடிக்கடி ஏறி இறங்கும். அதனால இதை விலைப்பட்டியலா எடுத்துக்காம, பங்கீடா எடுத்துக்கோங்க.

- கிராபிக்ஸ் கார்டு: 38% (26,600)
- பிராசஸர்: 15% (10,500)
- ரேம்: 12% (8,400)
- மதர்போர்டு: 11% (7,700)
- எஸ்எஸ்டி: 9% (6,300)
- எஸ்எம்பிஎஸ்: 8% (5,600)
- கேபினெட், ஃபேன்: 7% (4,900)

ஏதாவது ஒண்ணு இந்தப் பங்கைத் தாண்டினா, இன்னொண்ணுலேர்ந்து எடுக்கணும். மொத்தத்தைக் கூட்டக் கூடாது. பட்ஜெட்னா அதுதான்.

3. ஒவ்வொண்ணா பார்க்கலாம்

கிராபிக்ஸ் கார்டு: 1080பி-க்கு 8 ஜிபி வீடியோ மெமரியாவது இருக்கணும். ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் இந்த வகை. ஒரே கார்டுக்கு ரெண்டு ஃபேன் மாடல், மூணு ஃபேன் மாடல், லைட் வெச்ச மாடல்னு பல விலை இருக்கும். உள்ளே இருக்கிற சிப் ஒண்ணுதான். லைட்டுக்குக் கொடுக்கிற காசை வெச்சு அடுத்த லெவல் கார்டுக்குப் போக முடியுமான்னு பாருங்க.

பிராசஸர்: 6 கோர், 12 த்ரெட் போதும். ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப் ரெண்டும் இந்தக் கணக்குக்குள்ள வர்றவை. இன்டெல்ல பெயர் கடைசியில 'எஃப்'னு இருந்தா உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாம திரையே வராது. பெட்டியோட வர்ற பிராசஸருக்கு இன்டெல், ஏஎம்டி ரெண்டும் 3 வருஷ வாரண்டி தருது. கொஞ்சம் விலை குறைவா 'ட்ரே' பிராசஸர் கொடுத்தாங்கன்னா, அதுக்கு அந்த கம்பெனி வாரண்டி கிடையாது, கடைக்காரர் வாக்குதான்.

மதர்போர்டு: ஏஎம்4 சாக்கெட் 2016-ல வந்தது, டிடிஆர்4 ரேம். ஏஎம்5 2022-ல வந்தது, டிடிஆர்5 மட்டும்தான் போகும். ஏஎம்4 விலை குறைவு, ஆனா இனி புதுத் தலைமுறைக்கு மாற முடியாது. நாலு வருஷம் எதையும் மாத்த மாட்டேன்னா ஏஎம்4 லாபம். ரெண்டு வருஷத்துல பிராசஸர் மட்டும் மாத்துவேன்னா ஏஎம்5-க்குக் கூடக் கொடுக்கிறது நியாயம். எதுவா இருந்தாலும் 65 வாட் பிராசஸருக்கு விலை உயர்ந்த போர்டு தேவையே இல்ல.

ரேம்: 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்காம, 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. ரெண்டு ஸ்டிக் போட்டா டூயல் சேனல்ல வேலை செய்யும், கேம்ல வித்தியாசம் தெரியும்.

எஸ்எஸ்டி: சாதா சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு சுமார் 550 எம்பி படிக்கும். என்விஎம்இ மூணாம் தலைமுறையிலேயே 3,500 எம்பி வரைக்கும் போகும். விலை வித்தியாசம் பெருசா இல்லைன்னா என்விஎம்இ எடுங்க. ஆனா அதுக்கு மேல வேகத்துக்குக் காசு கொடுத்தா கேம்ல பெரிய மாற்றம் தெரியாது.

எஸ்எம்பிஎஸ்: எல்லாரும் கை வைக்கிற இடம் இது. கேபினெட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு 3,000 ரூபாய் மிச்சம் பிடிப்பாங்க. அது போகும்போது சில நேரம் போர்டையும் கார்டையும் சேர்த்தே கூட்டிட்டுப் போயிடும். 26,000 ரூபாய் கார்டுக்கு முன்னாடி 3,000 ரூபாய் மிச்சம் ஒரு மிச்சமா? ஒண்ணு கவனிங்க: 80 பிளஸ் பிரான்ஸ்ங்கிறது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கிற அளவுதான், தரத்துக்கான சர்டிபிகேட் இல்ல. வாரண்டி எத்தனை வருஷம்னு பாருங்க. 5 வருஷம் தர்ற மாடலை நம்பி எடுக்கலாம்.

4. கணக்குல வராத செலவுகள்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், ஒரிஜினல் விண்டோஸ், யூபிஎஸ். இதை எல்லாம் முதல் நாளே எழுதி வெச்சுடுங்க. இதுக்குன்னு தனியா 20,000 ரூபாய்க்கு மேல ஆகலாம்.

யூபிஎஸ் வாங்கும்போது, 600 விஏ மாடல் பெரும்பாலும் 360 வாட் வரைக்கும்தான் தாங்கும். கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினா, கரண்ட் போன அந்த நொடியே யூபிஎஸ்ஸும் ஆஃப் ஆகிடும்.

கரண்ட் பில்லும் உண்டு. 350 வாட், தினம் 3 மணி நேரம்னா ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு மாச பில்லுல 60 யூனிட் கூடும். உங்க வீடு ஏற்கெனவே 450 யூனிட் ஓட்டுதுன்னா, 500-ஐத் தாண்டிடும். அப்புறம் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ் ஸ்லாப் யூனிட்டுக்கும் ரேட் கூடும். வீட்டுல பில் கட்டுறது அப்பான்னா, முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க!

5. பில் இல்லாம வாங்கலாமா?

கம்ப்யூட்டர் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18%. ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க ஊர் கடையோ, "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்"னு யாராவது சொல்லலாம். வேண்டாம். கார்டு 14 மாசத்துல போச்சுன்னா, சர்வீஸ் சென்டர்ல கேக்குற முதல் விஷயம் பில்லும் சீரியல் நம்பரும்தான். பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் தனித்தனியா வரணும்னு கேளுங்க. வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்த பார்ட்ஸ்னா, இந்தியாவுல வாரண்டி உண்டான்னு கம்பெனி வெப்சைட்ல சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

6. இஎம்ஐ-யா, சேமிப்பா?

70,000 ரூபாயை 15% வட்டியில 12 மாச கார்டு இஎம்ஐ-யா மாத்துறீங்கன்னு வைங்க. மாசம் சுமார் 6,320 ரூபாய். வருஷக் கடைசியில வட்டி மட்டும் சுமார் 5,800. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி சுமார் 1,050. பிராசஸிங் ஃபீஸ் தனி. கிட்டத்தட்ட 7,000 ரூபாய், அதாவது உங்க எஸ்எஸ்டியோட விலை!

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே?" வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துட்டு, அதே வட்டியை பேங்க் வசூல் பண்ணும். வட்டி மேல இருக்கிற ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல போகும். ரொக்கத்துக்குக் கிடைக்கிற விலையையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க. இஎம்ஐ-யே போடாம பாக்கி வெச்சா இன்னும் மோசம்: பல கார்டுகள்ல வட்டி வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல.

என்கிட்ட கேட்டா, ரெண்டு கட்டமா வாங்குங்க. முதல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி மாதிரி பிராசஸரோட மத்த எல்லாம். வேலரன்ட் மாதிரி கேம் அதுலயே ஓடும். அப்புறம் மாசம் 5,000 ஆர்டி போட்டா, ஆறாவது மாசம் கார்டுக்கான பணம் கையில. ஒரு குறை மட்டும் உண்டு: 5600ஜி-ல எல்3 கேஷ் 16 எம்பி, சாதா 5600-ல 32 எம்பி. அதனால கார்டு போட்ட பிறகு கொஞ்சம் ஃப்ரேம் குறையும். வட்டி கட்டாம வாங்குறதுக்கு அது தாங்கக்கூடிய விலைதான்.

இந்தக் கட்டத்துலயே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிடுங்க. கார்டு வரும்போது மறுபடி செலவு பண்ண வேண்டியதில்ல.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

மொத்தத் தொகையை ஒரு பேப்பர்ல எழுதுங்க. மூணு கடையில கொட்டேஷன் வாங்குங்க. "இன்னும் 3,000 போட்டா..."ங்கிற வார்த்தை காதுல விழுந்தா, அந்த 3,000 எதுலேர்ந்து வருதுன்னு உங்களையே கேளுங்க. லிஸ்ட்ல இன்னொரு பார்ட்லேர்ந்துன்னா சரி. அடுத்த மாசச் சம்பளத்துலேர்ந்துன்னா, ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடுங்க. கார்டு எங்கேயும் ஓடிப் போகாது.

பிசி வாங்கப் போற நண்பர் யாராவது இருந்தா, அவங்களுக்கும் இதை அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திக்கலாம்.