வாங்குபவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர்

"நமது பெண்கள் எங்கே வாசிக்கிறார்கள்?" என்று பதிப்பாளர்கள் குறைப்படுவதுண்டு. விற்பனைக் கணக்கை வைத்துச் சொல்கிற பேச்சு இது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவிக்கரை ஊர்களில் இன்றும் பல வீடுகளுக்குப் புத்தகம் வாங்கி வருபவர் வாப்பா அல்லது காக்காதான். வந்த பிறகு அதே பிரதி உம்மா, ராத்தா, மாமி, அடுத்த வளவுச் சாச்சி என்று கைமாறுகிறது. கடைக் கணக்கில் அது ஒரே ஒரு பிரதி. வாசித்த பெண்களில் ஒருவரையும் பதிப்பாளர் அறியார்.

முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) மார்க்கச் சட்டங்களை விளக்கும் 'ஃபத்ஹுத் தய்யான்' நூலை அரபுத் தமிழில் எழுதினார். அக்காலப் பெண்களில் பலருக்குக் குர்ஆன் ஓதியதால் அரபு எழுத்துத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. பேசுவதோ தமிழ். அவர்கள் கைவசம் இருந்த எழுத்திலேயே நூல் வந்தது. தாயிரா கொட்டிக் கிஸ்ஸா பாடிய பக்கீர் பாவாவுக்கோ எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. பாய் இழைக்கும் கை எந்த இடத்தில் நின்றது என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். பிற்காலத்தில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சிக்குப் பெண்களே எழுதி அனுப்பினார்கள்.

இன்று கேள்விப் பட்டியல் அனுப்பினால் அதை நிரப்புவதும் பெரும்பாலும் வாங்கி வந்தவரே. "உங்களுக்குப் பிடித்த பகுதி எது?" என்று கேட்டால் "மார்க்க விளக்கம்" என்றுதான் பதில் வரும். வேறு எதை எழுதுவது? அதைவிட, "கடைசியாக எந்தப் பக்கத்தை வெட்டி வைத்தீர்கள்? யாருக்கு வாசித்துக் காட்டினீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஆணம் சமைக்கும் குறிப்போ கைமருந்தோ அப்போதுதான் வெளிவரும்.

அதற்கும் அடியில் இருப்பவை பெயர் போட்டு எழுத முடியாத கேள்விகள். வாங்கிய கைக்கூலி திரும்பக் கிடைக்குமா? மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த உம்மா பிறகு எங்கே இருப்பது? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மனைவி தானாகக் கேட்கக்கூடிய பிரிவு எது? இவற்றை ஆண் நிருபரிடம் எந்தச் சகோதரியும் சொல்லமாட்டார். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் சொல்வார். வாட்ஸ்அப்பில் தோழிக்குக் குரல் பதிவாக அனுப்புவார்.

ஏதேனும் ஓர் இதழ் கடைசிப் பக்கத்தில் "பெயரும் ஊரும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும், உறையைப் பிரிப்பவரும் ஒரு பெண்ணே" என்று அச்சிடட்டும். காதி நீதிமன்றம் பற்றி மட்டும் எத்தனை உறைகள் வருகின்றன என்று முதல் மாதத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.