வால்வு செட்டில் கம்ப்யூட்டர் பாட்டு: கரகரப்பு எங்கே பிறக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று பாட்டுக் கேட்பது. கூடவே வந்த சின்ன ஸ்பீக்கர் அலுத்துப் போனதும், பரணில் கிடக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் நினைவுக்கு வரும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இப்படிப்பட்ட செட்களோடு என்னைத் தேடி வருபவர்கள் உண்டு. சிலருடையது மைக் செட்காரர் கழித்துக் கட்டிய சரக்கு. சிலருடையது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' தாத்தா விட்டுப் போனது. இன்னும் சிலர் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள்.

ஒயரை மாட்டிப் பாட்டைப் போட்டால் கரகரவென்று உடைந்த ஒலி. உடனே "செட் போச்சு" என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பல சமயம் கோளாறு செட்டிலேயே இருப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் பாதுகாப்பு

கம்ப்யூட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும்தான். பவர் சப்ளை பெட்டி மட்டும் விதிவிலக்கு. வால்வு செட்டுக்குள் 250 முதல் 400 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். உயிரைக் குடிக்க அது போதும். எனவே அடித்தகட்டைக் கழற்றிக் கை வைக்க வேண்டாம். அது மெக்கானிக் வேலை.

அடுத்து, வால்வின் கண்ணாடியில் அச்சிட்ட பெயரைப் படியுங்கள். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஹீட்டர் எந்த வகை என்று சொல்லும். 'இ' என்றால் 6.3 வோல்ட். இசிசி 83, இஎல் 84 ஆகியவை இந்த வகை. இவற்றை அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7, 6பிக்யூ5 என்பார்கள். 'யூ' என்று தொடங்கினால் (எடுத்துக்காட்டு: யூசிஎல் 82) உஷார்! இந்த வால்வுகளின் ஹீட்டர்களைச் சங்கிலிபோல் கோத்து நேரே மெயின்ஸில் கொடுத்திருப்பார்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத இத்தகைய செட்களில் உலோகச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கலாம். அதில் கம்ப்யூட்டரை இணைத்தால் மதர்போர்டும் போகும், ஆளுக்கும் ஆபத்து. அமெரிக்கப் பெயர் 35, 50 என்று தொடங்கினாலும் இதே எச்சரிக்கைதான். எந்த வால்வாக இருந்தாலும், மெயின்ஸைப் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் உள்ளதா என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டு இணையுங்கள்.

செட்டின் பின்புறம் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் பிரான்சில் 110, 127 வோல்ட் மின்சாரம் இருந்த ஊர்கள் பல. அங்கிருந்து வந்த செட் அந்த எண்ணில் நிற்கலாம். நம் 230 வோல்ட்டுக்கு ஏற்ற இடத்துக்கு மாற்றாமல் பிளக்கைச் சொருகினால் புகைதான் வரும்.

கம்ப்யூட்டர் குற்றவாளியா?

அதே பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். அதிலும் உடைந்தால் செட்டின் மேல் பழி போடாதீர்கள். விஎல்சி பிளேயரில் ஒலியை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்ற முடியும். அப்படி ஏற்றும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகிறது. இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். 100-ஐத் தாண்டாதீர்கள். ஈக்வலைசரில் பாஸ் பட்டனை உச்சத்தில் வைத்தாலும் இதே கதைதான். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கரைக் க்ளிக் செய்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். 64 கேபிபிஎஸ் எம்பி3 பாடல் என்றால் எந்த செட்டிலும் சுமாராகத்தான் கேட்கும்.

எந்தத் துளையில் சொருகினீர்கள்?

நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். மைக் துளை, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு வரும் சிக்னலுக்காக அமைந்தது. கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வருவதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். நூறு மடங்குக்கு மேல்! கைக்குழந்தைக்குக் கல்யாணப் பந்தி போட்ட மாதிரி முதல் வால்வு திணறிவிடும். வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு குறையாது. ஏனென்றால் பல செட்களில் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்பே ஒலி உடைந்துவிடுகிறது. 'ஆக்ஸ்', 'கிராம்', 'பிக்-அப்' என்று எழுதிய துளையைப் பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டர் வால்யூமை 70-ல் வைத்து, மீதியைச் செட்டில் கூட்டிக் குறையுங்கள்.

மைக் செட்கள் பெரும்பாலும் மோனோ. கம்ப்யூட்டரின் இடது, வலது ஒயர்களை நேரடியாக முறுக்கி ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, பிறகு இணையுங்கள். ஒரு ரெசிஸ்டரின் விலை ஓரிரு ரூபாய்தான்.

ஸ்பீக்கர் பக்கம் 4, 8, 16 ஓம், 100 வோல்ட் லைன் என்று பல முனைகள் இருக்கும். 100 வோல்ட் முனை, மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு. வீட்டு ஸ்பீக்கருக்கு அதன் பின்புறம் எழுதியுள்ள ஓம் எண்ணைப் பார்த்து இணையுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் செட்டை ஓட விடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. செட்டிலேயே விலை அதிகமான, கிடைக்க அரிதான பாகம் அது.

இடம் மாற்றிப் பாருங்கள்

ஸ்டீரியோ செட் என்றால் வேலை எளிது. இடது ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு என்று வைத்துக்கொள்வோம். செட்டை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பு வலதுக்குத் தாவினால் கோளாறு கம்ப்யூட்டரில் அல்லது ஒயரில். தாவாவிட்டால் ஸ்பீக்கர்களை இடம் மாற்றுங்கள். பழுதான ஸ்பீக்கர் எந்தப் பக்கம் போனாலும் கரகரக்கும். அதுவும் இல்லையென்றால் கோளாறு செட்டுக்குள்தான்.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

* வால்யூமைத் திருகும்போது மட்டும் 'கர்ர்' என்றால் கன்ட்ரோலில் தூசி, களிம்பு. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இது சகஜம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும்.

* பென்சிலால் வால்வை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணிபோல் ஒலித்தால் அந்த வால்வின் உள்பாகம் தளர்ந்திருக்கிறது.

* நன்றாகப் பாடி, கால் மணி நேரம் கழித்து உடைந்தால் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது அவுட்புட் வால்வின் உள்தகடு செக்கச் சிவக்கும். பார்த்த உடனே அணைத்துவிடுங்கள். (நடுவில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவது இயல்பானது.)

* மாலையில் மட்டும், அல்லது வயல் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் உடைந்தால் வோல்டேஜைச் சோதியுங்கள். ஹீட்டர்கள் பொதுவாகப் பத்து சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும். 230-க்கு அது 207. அதற்குக் கீழே போனால் வால்வுக்குப் போதிய சூடு இல்லை. ஸ்டெபிலைசர் வையுங்கள்.

* எப்போதும் ஒலி மெலிந்து, பாஸ் மட்டும் உடைந்தால் அவுட்புட் வால்வு தேய்ந்திருக்கலாம்.

'ம்ம்ம்' என்ற இரைச்சலா?

இங்கே கம்ப்யூட்டரே உதவும். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். 'ஜெனரேட்' மெனுவில் 'டோன்' சென்று 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றும், 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றும் உருவாக்கி ஹெட்போனில் கேளுங்கள். செட்டின் இரைச்சல் எதைப் போல் இருக்கிறது?

50 என்றால் எர்த் சுற்று அல்லது ஒயரில் ஷீல்டு அறுந்திருப்பது காரணமாகலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் சுற்றுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். 100 என்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை டிசியாக மாற்றும்போது இரண்டு பாதி அலைகளும் சேர்வதால் 100 ஆகிறது.

ஒரு எச்சரிக்கை: செட்டின் ஸ்பீக்கர் முனையைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் இணைத்து ரெக்கார்ட் செய்ய முயலாதீர்கள். சவுண்ட் பகுதி கருகிவிடும். பதிவு வேண்டுமென்றால் செல்போனை ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்து எடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

வெறுமனே "கரகரங்குது" என்று சொல்லாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் கழித்து, எந்தத் துளையில், எத்தனை வோல்ட்டில் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேடும் நேரம் மிச்சம். தேவையில்லாமல் எல்லா வால்வையும் மாற்றும் செலவும் மிச்சம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960களில் தயாரித்த வால்வு உங்கள் செட்டில் இருந்து, அது நன்றாகவும் இருந்தால், அதைக் கழற்றி எறிய விடாதீர்கள். புதிய வால்வுகள் இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா போன்ற நாடுகளில்தான் தயாராகின்றன. கண்டென்சர், ரெசிஸ்டர் போன்றவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழைய கண்டென்சரின் வோல்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அதைவிடக் குறைந்த வோல்ட்டில் மட்டும் வாங்காதீர்கள்.