கோழிக்குப் போகும் குஞ்சு மீன்

கொல்லிமலை அடிவாரத்தில், திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே கூட்டம் களை கட்டும். பிள்ளைகளோடு வந்து ஆற்றில் குளிக்கிறார்கள். பாறைமேல் உட்கார்ந்து கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்க்கிறார்கள். புளிச்சோறு இருக்கிறது. கூடவே அவித்த முட்டையும் இருக்கிறது.

அந்த முட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது!

மலைக்கு அந்தப் பக்கம் நாமக்கல். அங்கே நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. கோழித் தீவனத்தில் மக்காச்சோளம் உண்டு; சோயாப் புண்ணாக்கு உண்டு. கருவாட்டுத் தூளும் சேர்ப்பதுண்டு. அந்தக் கருவாடு நம் கடற்கரையிலிருந்து லாரி ஏறி வருகிறது.

சங்காயம் என்றால் என்ன?

ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் அதைச் ‘சங்காயம்’ என்பார்கள். இறால் பிடிக்கப் போன விசைப்படகின் வலையில், இறாலோடு வந்து விழும் சின்னஞ்சிறு மீன்களின் குவியல் அது. காரல் இருக்கும், நண்டுக் குஞ்சு இருக்கும், கணவாய்க் குஞ்சும் இருக்கும். வளர்ந்தால் நல்ல விலை போகக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் அதில் உண்டு.

இறால் கடலின் அடித்தரையில் வாழும் உயிர். ஆகவே அதைப் பிடிக்க, பை போன்ற மடி வலையைக் கடலின் அடியோடு சேர்த்து மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கட்டிய பலகைகள் வலையின் வாயை விரித்துப் பிடிக்கின்றன. வழியில் அகப்பட்டதெல்லாம் உள்ளே போகிறது. வெப்ப நாடுகளின் கடல்களில் 1 கிலோ இறாலுக்கு 5 கிலோவும் அதற்கு மேலும் மற்ற உயிர்கள் சிக்குவதாகப் பல இடங்களில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பங்குனி ஆமையும் சிக்குகிறது. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். வலைக்குள் அகப்பட்டால் மூச்சு முட்டிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன்பிடி வலைகளே காரணமாயிருக்கும் என்று பலரும் கருதினர்.

எப்படி வந்தது?

1952-ம் ஆண்டு இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. கேரளக் கரையில் விசைப்படகுகள் வந்தன. பிறகு இறாலுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை கிடைத்தது. மடி வலை தமிழ்நாட்டுக் கரை முழுவதும் பரவிற்று. முன்பு சங்காயத்தில் பெரும்பகுதியைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள். தீவனத்துக்கு அது விலை போகத் தொடங்கியதும் கரைக்குக் கொண்டு வந்தார்கள்.

வீணாகாமல் பயன்படுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இறால் குறைந்த நாளிலும் சங்காயம் டீசல் செலவில் ஒரு பங்கை ஈடு கட்டுகிறது. ஆகவே படகு நிற்பதில்லை. மேலும் மேலும் குஞ்சுகளை அள்ளுகிறது. குஞ்சு போனால் நாளைக்கு மீன் ஏது? விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது போலத்தான் இது!

மழையும் இறாலும்

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஆற்று முகத்துவாரங்களுக்கும் காயல்களுக்கும் வந்து வளரும். பிறகு மழை வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். புளியஞ்சோலை வழியே ஓடும் அய்யாறு காவிரியோடு சேருகிறது. காவிரி கடலோடு சேருகிறது. மலையில் பெய்யும் மழைக்கும் இறாலின் வளர்ச்சிக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

இப்போது பருவம் தப்புகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்தது. மழை பொய்த்தால் முகத்துவாரத்தில் உப்பு ஏறுகிறது. ஒரே நாளில் கொட்டினால் வளராத குஞ்சுகள் அடித்துக்கொண்டு போகப்படுகின்றன. கடலும் சூடேறி வருகிறது. ஒரு காலத்தில் மேற்குக் கடற்கரைக்கே உரியதாக இருந்த எண்ணெய்ச் சாளை இப்போது கிழக்குக் கரையிலும் பிடிபடுகிறது. இறால் குறையக் குறைய, வலையை இன்னும் அதிக நேரம் இழுக்கிறார்கள். சங்காயம் இன்னும் பெருகுகிறது.

வழி உண்டா?

உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-ல் கூட்டப்பட்டது. ராமேசுவரத்தில் வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். இலங்கை 2017-ல் மடி வலையையே சட்டத்தால் தடுத்துவிட்டது.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வலையில் பொருத்தும் கம்பிச் சட்டம் ஒன்றை அமைத்திருக்கிறது. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து மடிக்குள் போகும். ஆமை கம்பியில் தடுக்கப்பட்டு வெளி வழியாகத் தப்பிவிடும். வலைக்கண்ணைச் சதுரமாகவும் பெரிதாகவும் அமைத்தால் குஞ்சு மீனும் தப்பும். ஆனால் கொஞ்சம் இறாலும் நழுவுமே என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். கடனில் படகு வாங்கியவருக்கு அந்தத் தயக்கம் இயற்கையே. அவரை வைவதால் பயனில்லை. அந்த நட்டத்தை ஈடு செய்ய அரசாங்கம் கை கொடுத்தால்தான் பெரிய கண் வலை கடலில் இறங்கும்.

விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் கடல் ஒன்றுதான். இன்று ஒருவர் அள்ளும் குஞ்சு, நாளை இருவரும் பிடிக்க வேண்டிய மீன். புளியஞ்சோலைப் பாறையில் உட்கார்ந்து முட்டையை உரிக்கும் பிள்ளைக்கும் அந்த மீனில் பங்கு உண்டு.