முதலாண்டு மாணாக்கரின் பாடத்தெரிவு: ஆயர் அறிந்திருக்க வேண்டியவை

ஆண்டுதோறும் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் ஆயர் இல்லத்தை நாடி வரும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்பவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று திருமுழுக்குச் சான்றிதழ். மற்றொன்று கிறித்தவக் கல்லூரி ஒன்றின் முதல்வருக்குப் பரிந்துரைக் கடிதம். எப்பாடத்தைத் தெரிந்துகொள்வது, எம்மொழி வாயிலாகப் பயில்வது, விருப்பப்பாடம் என்ற கட்டத்தில் எதனை எழுதுவது என்னும் வினாக்களை ஆயரிடம் கொண்டு வருவோர் மிகச் சிலரே. அவ்வினாக்கள் எழுவதே இல்லை என்பதன்று. ஆயருக்கு இவை தெரியாதென்று மக்கள் எண்ணிவிடுகின்றனர். படித்தோர் நிறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தமக்கையும் சிற்றப்பனும் வழிகாட்டுவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலில் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்கு அந்த வழிகாட்டி யார்? இவ்வினாவை முன்னிறுத்தியே பாடத்தெரிவின் அமைப்பையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

தெரிவுரிமை பிறந்த வரலாறு

மாணவன் தன் பாடத்தைத் தானே தெரிந்துகொள்ளலாம் என்னும் கருத்து பல்கலைக்கழகங்களில் தொடக்கமுதல் இருந்ததன்று. அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இலத்தீன், கிரேக்கம், கணிதம், அறவியல் ஆகியவை எல்லார்க்கும் பொதுவான கட்டாயப் பாடங்களாய் இருந்தன. தாமசு செபர்சன் நிறுவி 1825இல் வகுப்புகள் தொடங்கிய வர்சீனியாப் பல்கலைக்கழகம் மாணாக்கர் தமக்குரிய துறையைத் தெரிந்துகொள்ள இடமளித்தது. எனினும் இக்கருத்தை ஒரு முழு முறைமையாக ஆக்கியவர் 1869 முதல் 1909 வரை ஆர்வர்டின் தலைவராயிருந்த சார்லசு வில்லியம் எலியட் ஆவார். வேதியியல் அறிஞரான அவர் தலைமையேற்றபோது அவருக்கு அகவை முப்பத்தைந்து.

எலியட் கட்டாயத்தை நீக்கிய ஒழுங்குமுறை நம் கவனத்திற்குரியது. 1872இல் இறுதியாண்டு மாணவர்க்கும், 1879இல் மூன்றாமாண்டினருக்கும், 1884இல் இரண்டாமாண்டினருக்கும் கட்டாயப் பாடங்கள் நீக்கப்பட்டன. முதலாண்டு மாணவனுக்கே உரிமை கடைசியாக வந்தது. நூற்றாண்டின் இறுதியிலும் ஆங்கில எழுத்துப்பயிற்சி அவனுக்குக் கட்டாயமாகவே நின்றது. தெரிவுரிமையை உயிர்மூச்செனக் கொண்ட எலியட்டே புதிதாக வந்தவனிடம் அதனை ஒரேயடியாக ஒப்படைக்கத் தயங்கினார். நம் நாட்டில் இவ்வொழுங்கு தலைகீழாய் உள்ளது. வாழ்நாள் முழுவதையும் பிணிக்கும் முதன்மைப் பாடத்தைச் சேரும் நாளிலேயே தெரிந்துகொள்ளச் சொல்கிறோம். சிறிய விருப்பப்பாடங்களைப் பின்னர் அளிக்கிறோம்.

எலியட்டை எதிர்த்து வழக்காடியவர் ஓர் இறையியலாளர். இசுக்காத்துலாந்தில் திருப்பணியாற்றி, பெல்பாசுட்டில் பேராசிரியராயிருந்து, 1868இல் பிரின்சுடனின் தலைவரான சேம்சு மக்காசு, 1885இல் நியூயார்க்கில் எலியட்டுடன் நேருக்கு நேர் இப்பொருள் பற்றிச் சொற்போர் நிகழ்த்தினார். தெரிவை முற்றிலும் மறுத்தவரல்லர் மக்காசு. மேல் வகுப்புகளில் அதற்கு இடங்கொடுத்தவரே. மொழியிலும் அறிவியலிலும் மெய்யியலிலும் அடித்தளம் இடாமல் இளைஞனைத் தெரிவின் நடுவே விட்டுவிட்டால், அவன் எளியவற்றையே நாடுவான் என்பதும், சமயக் கல்வி கைவிடப்படும் என்பதும் அவர் அஞ்சியவை. விருப்பத்தோடு ஏற்ற பாடத்தில்தான் உழைப்பு பிறக்கும் என்பது எலியட்டின் மறுமொழி. அடுத்த ஆண்டே, 1886இல், ஆர்வர்டில் கட்டாயச் சிற்றாலய வழிபாடும் நீங்கியது. 1909இல் எலியட்டுக்குப் பின் வந்த லோவெல், ஒரு துறையில் ஆழ்தலும் பிற துறைகளில் பரவுதலும் வேண்டுமென விதித்து இரு கருத்துகளையும் ஒருவாறு இணைத்தார். இன்றைய முதன்மைப் பாடம், துணைப்பாடம், விருப்பப்பாடம் என்னும் பகுப்பில் அந்த இணைப்பின் சாயலைக் காணலாம்.

இச்சொற்போரில் இருவருமே பேசாத ஒன்று உண்டென நாம் கருதுகிறோம். தெரிவுரிமை எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கப்பட்டாலும், தெரிவுக்கு வேண்டிய அறிவு அவ்வாறு வழங்கப்படுவதில்லை.

நம் பட்டப்படிப்பின் பகுதிகள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைப் பாடத்திட்டம் பகுதிகளாக வகுக்கப்பட்டது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப்பாடங்களும் துறைசார் விருப்பப்பாடங்களும் அடங்கும். நான்காம் பகுதியில் துறைசாரா விருப்பப்பாடம், சுற்றுச்சூழலியல், விழுமியக் கல்வி முதலியன வரும். நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை ஐந்தாம் பகுதி. ஒவ்வொரு தாளுக்கும் கிரெடிட் எனப்படும் மதிப்புப்புள்ளி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 திசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி ஒரு பருவத்தில் 15 மணி நேர விரிவுரை ஒரு புள்ளியாகும். மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 புள்ளிகள் வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விதிகளில் இது 140 எனவும் காணப்படும்.

முதற்பகுதியில் தமிழை விட்டுப் பிரெஞ்சு முதலிய மொழிகளை எடுக்கும் வழக்கம் நகரக் கல்லூரிகளில் உண்டு. மதிப்பெண் எளிதில் கிட்டும் என்பதே சொல்லப்படும் காரணம். இதனால் நான்காம் பகுதியும் மாறுகிறது என்பதைப் பலர் அறியார். பள்ளியில் தமிழ் பயின்று கல்லூரியில் வேறு மொழியை எடுப்பவர் நான்காம் பகுதியில் சிறப்புத் தமிழும், தமிழே பயிலாதவர் அடிப்படைத் தமிழும் பயில வேண்டும் என்பது பொதுவான விதி. எஞ்சியோர்க்கே துறைசாரா விருப்பப்பாடம் உரியது. அதாவது முதற்பகுதியில் தமிழ் எடுத்த மாணவிக்குத்தான் வேறு துறையின் வகுப்பறையில் சென்று அமரும் வாய்ப்பு கிட்டுகிறது.

அந்த வாய்ப்பு பெரும்பாலும் வீணாகிறது. எந்தத் தாள் எளிது, எவர் மதிப்பெண்ணைத் தாராளமாய் இடுவார் என்ற பேச்சே மாணாக்கரிடையே உலவும். இறையியல் மாணாக்கராகிய நம்மிடையே இப்பேச்சு இல்லையென எவரும் சொல்லத் துணியார். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பது மூன்றாம் பகுதியின் மதிப்பெண். நான்காம் பகுதியில் தேர்ச்சியே போதும். ஆகவே இழப்புக்கு அஞ்சாமல் தன் ஆவலின்படி தெரியத்தக்க இடம் இஃதொன்றே. வணிகவியல் பயிலும் மாணவன் நாட்டுப்புறவியலைக் கற்கலாம். இயற்பியல் மாணவி உளவியலின் முதற்பாடத்தைக் கேட்கலாம்.

துணைப்பாடத்தின் நிலை வேறு. அங்கே பிழைபட்ட தெரிவு பின்னாளில் வாயிலை அடைக்கக்கூடும். வேதியியல் முதன்மையாய் உள்ளோர் கணிதத்தையோ உயிரியல் துறைகளையோ துணைப்பாடமாகக் கொள்ளச் சில கல்லூரிகள் இடமளிக்கின்றன. கணிதத்திற்கு அஞ்சி அதனைத் தவிர்த்த மாணவி, முதுகலையில் சேரும்போது சில நிறுவனங்கள் கணிதப் பயிற்சியைக் கேட்பதைக் கண்டு திகைக்கிறாள். எம்.சி.ஏ. படிப்புக்கும் மேனிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் பயின்றிருத்தல் வேண்டுமென்ற விதி நெடுங்காலம் நிலவியது. முதன்மைப் பாடத்தின் பெயரையும் நோக்க வேண்டும். புதுமையான பெயர் தாங்கிய பட்டங்கள் சில, அரசுப் பணிக்கோ ஆசிரியர் பணிக்கோ உரிய பட்டத்திற்கு இணையல்ல என அரசாணைகள் வெளிவந்ததுண்டு. கல்லூரியின் விளம்பரத் தாளில் அழகாய்த் தோன்றும் பெயர், பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில் விளக்கம் கேட்கப்படும் பெயராகிவிடலாம்.

பயிற்றுமொழி

எல்லாத் தெரிவுகளிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், சிற்றூர்ச் சபைகளின் பிள்ளைகளை மிக ஆழமாய்ப் பாதிப்பதும் பயிற்றுமொழித் தெரிவேயாகும். விண்ணப்பத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரு கட்டங்கள். ஒரு கோடு இழுத்தால் முடிந்தது.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசின் நேரடிப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. பணிக்குரிய கல்வித்தகுதி எதுவோ அதுவரைக்கும் பள்ளிப்படிப்பு உட்பட யாவும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டுமென 2020இல் அது திருத்தப்பட்டது. இதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். முதல் வகுப்பு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர்ப்பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற பெண், உறவினர் சொற்கேட்டுக் கல்லூரியில் ஆங்கிலவழிக் கட்டத்தில் கோடிடுகிறாள். பத்தாம் வகுப்பைத் தகுதியாய்க் கொண்ட பணிகளில் அவள் முன்னுரிமை நிலைக்கும். பட்டத்தைத் தகுதியாய்க் கொண்ட பணிகளில் அது போய்விடும். பன்னிரண்டு ஆண்டுகள் சேர்த்து வைத்த உரிமையை அவள் ஒரு நொடியில் கைவிட்டதை அவளிடம் எவரும் சொல்லவில்லை. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் 40 விழுக்காடு பெற்றாலன்றி ஏனைய தாள்கள் மதிப்பிடப்படா என்ற விதியும் 2021இன் இறுதியில் வந்த ஆணையால் ஏற்பட்டது. தமிழை முற்றிலும் விட்டவர்கள் இதனையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வாறு சொல்வதால் எல்லாரும் தமிழ்வழியிலேயே பயில வேண்டுமென நாம் வலியுறுத்துவதாக எண்ணலாகாது. தனியார் பணிகளுக்கும் வெளிமாநில முதுகலைப் படிப்புகளுக்கும் ஆங்கிலவழி துணைசெய்யும் என்பது மறுக்கவியலாத உண்மை. பெற்றோரின் விருப்பத்தில் வறுமையிலிருந்து விடுபடும் வேட்கையும் கலந்துள்ளது. அதனை எள்ளி நகையாடுதல் அறமாகாது. எனினும் ஆங்கிலவழியில் சேர்ந்த முதற்பருவத்திலேயே இயற்பியல் விரிவுரை விளங்காமல் வகுப்பின் கடைசி இருக்கையில் ஒடுங்கி, அரியர் தாள்கள் மூன்றும் நான்குமாகச் சேர்ந்து, இறுதியில் கல்லூரியைவிட்டே நின்றுவிடும் பிள்ளைகள் நம் சபைகளில் உண்டு. பெறுவது எது, இழப்பது எது என்பதை அறிந்தபின் கோடிடட்டும். இரண்டாம் பகுதி ஆங்கிலம் எவ்வழியில் பயின்றாலும் உண்டு. அதில் தேறாமல் பட்டம் கிடைப்பதில்லை. ஆகவே கோடை விடுமுறையில் ஆயர் இல்லத்துத் திண்ணையில் நடக்கும் எளிய ஆங்கில வகுப்பு, பரிந்துரைக் கடிதம் பத்தைவிடப் பயனுடையது.

பதிவு செய்தல்

சேர்க்கை முடிந்தவுடன் தெரிவும் முடிந்துவிட்டதென மாணாக்கர் எண்ணுகின்றனர். துறைசாரா விருப்பப்பாடத்திற்கும், சில கல்லூரிகளில் துணைப்பாடத்திற்கும் தனிப்பதிவு உண்டு. ஒவ்வொரு துறையும் இத்தனை பேர் என வரையறுத்திருக்கும், முந்துவோர்க்கே இடம். இணையவழிப் பதிவு ஒரு நாள் காலையில் திறந்து சில மணி நேரத்தில் நிறைந்துவிடுவதும் உண்டு. அலைபேசியை அண்ணனோடு பகிர்ந்துகொள்ளும் மாணவனும், அறிவிப்புப் பலகையைப் பார்க்கவேண்டும் என்று அறியாத விடுதி மாணவியும் மிஞ்சியதைப் பெறுகின்றனர். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். 1978இல் தமிழ்நாட்டில் தன்னாட்சி பெற்ற முதற் கல்லூரிகளுள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அடங்கும். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்வதால், அண்டைக் கல்லூரியில் பயிலும் நண்பன் சொன்ன விதி இங்கே பொருந்தாமற்போகலாம். கல்லூரிக் கையேட்டை மாணவனும் ஆயரும் ஒருமுறை சேர்ந்து வாசித்தல் நன்று.

முதன்மைப் பாடத்தையோ பயிற்றுமொழியையோ மாற்றிக்கொள்ள விரும்புவோர்க்குச் சேர்க்கை முடியும் நாள் வரையே பெரும்பாலும் காலம் உண்டு. அதுவும் வேறு துறையில் இடம் ஒழிந்திருந்தால்தான். வகுப்பு தொடங்கிய முதற்கிழமையிலேயே ஐயம் எழுமாயின், அதனை மறைத்து வைக்காமல் துறைத்தலைவரிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தின் படியொன்றைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும்.

பாடப்பதிவு வேறு, தேர்வுப்பதிவு வேறு. ஒவ்வொரு பருவத்திலும் தேர்வுக் கட்டணம் செலுத்தித் தனியே விண்ணப்பித்தால்தான் தேர்வெழுத இயலும். வருகை 75 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தலும் வேண்டும். அறுவடைக் காலத்தில் பிள்ளையை ஊருக்கு அழைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதனை முன்கூட்டியே சொல்லுதல் ஆயரின் கடமை. நுழைவுச்சீட்டு வந்ததும் அதில் அச்சிட்ட தாளின் பெயரும் குறியீட்டெண்ணும் தான் பயின்ற விருப்பப்பாடத்திற்கு உரியவைதாமா என ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழையிருப்பின் தேர்வு நாளன்று தேர்வறையில் அதனைத் திருத்த இயலாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திற்கு அதற்கு முன்னரே செல்ல வேண்டும்.