தைத்து வைத்த சீருடை



ஆவியில் நிறைந்த வாழ்க்கை என்றதும் நம்மில் பலருக்கு உபவாசக் கூட்டமும், உரத்த ஜெபமும், அந்நியபாஷையுமே நினைவுக்கு வருகின்றன. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது வேறு என்று எனக்குக் கற்பித்தது சாய்ந்தமருதிலுள்ள ஒரு தையல் வீடு.

என் வீடு கல்முனையில். பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் ராத்தாவின் வீடு வந்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பெருகி வந்தபோது கல்முனையும் சாய்ந்தமருதும் ஒன்றாகவே அழுதன. அந்த நாட்களில்தான் ராத்தாவும் நானும் பழகினோம். அதன்பின் என் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தைத்தவர் அவரே.

2019 ஏப்ரல் விடுமுறையிலும் மகளின் சீருடைத் துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏப்ரல் 21 உயிர்த்தெழுந்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, தாக்குதல்காரரின் கூட்டத்தார் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீடொன்றைப் படையினர் சுற்றிவளைத்தபோது, உள்ளிருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தனர். அங்கேயும் 6 பிள்ளைகள் இறந்தார்கள்.

நான் துணியை எடுக்கப் போகவில்லை. முதலில் பயம். பிறகு அது கோபமாயிற்று. மகள் பழைய சீருடையையே போட்டுக்கொண்டு போனாள். சந்தையில் ஓர் அபாயாவைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ஞாயிறு ஆராதனையில் கைகளை உயர்த்திப் பாட மறக்கவில்லை!

இதற்கிடையில், சீயோன் சபையின் போதகர் ரொஷான் மகேசன், குண்டுதாரியையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்று சபையார் சார்பில் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த சபை கொலைகாரனை மன்னிக்கிறது. ஒன்றையும் இழக்காத நானோ, ஒரு குற்றமும் செய்யாத ராத்தாவை மன்னிக்காமல் இருந்தேன். அந்த வீட்டிற்குப் புதிதாக வந்தவர்கள்மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்களே சாய்ந்தமருது மக்கள்தான் என்பதையும் அறிந்தபோது வெட்கப்பட்டேன்.

அன்றிரவு கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் ஆவியின் வரங்களைப் பன்மையில் சொல்கிறார். இங்கோ ஒன்பது நற்குணங்களை எண்ணிக் காட்டியும், "கனி" என்று ஒருமையிலேயே சொல்கிறார். ஒரே பழத்தின் சுளைகள் போல அவை சேர்ந்தே இருக்கும். அன்பை விட்டுவிட்டு சந்தோஷத்தை மட்டும் பறித்துக்கொள்ள முடியாது. அந்த வரிசையில் முதலாவது நிற்பதும் அன்புதான். வரம் சபையில் தெரியலாம். கனி தெரிவது வீட்டிலும் தெருவிலும் அல்லவா?

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறினேன். வாசலில் நின்ற என்னைக் கண்டதும், "என்ன தங்கச்சி, இவ்வளவு நாளா காணல்ல?" என்றார் ராத்தா. நான்கு மாதமாக வேறு தமிழ் ஆட்களும் தைக்க வரவில்லையாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குத்தான் சொன்னார். அலுமாரியைத் திறந்து, தைத்து அழுத்தி மடித்து வைத்திருந்த சீருடையை எடுத்துத் தந்தார்.

"பிள்ளை வளந்திருக்கும். கீழ நல்லா மடிச்சித்தான் தச்சிருக்கன். அவிழ்த்துவிட்டாச் சரி."

"ராத்தா, நான் வராம இருந்தது பிழை. மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். நீடியபொறுமை, தயவு என்று நான் வேதத்தில் வாசித்த குணங்களை, வேறொரு மார்க்கத்தைச் சேர்ந்த அந்தப் பெண்ணிடம் கண்டு தலைகுனிந்தேன்.

சகோதரிகளே, ஆவியானவரால் நிறைந்திருக்கிறோமா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. நாம் போகாமல் விட்ட வீடு எது? பேசாமல் விட்ட அயலவர் யார்? இன்றிரவு ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த வாசலுக்குப் போங்கள். மன்னிப்பதற்காக மட்டுமல்ல, சில வேளைகளில் மன்னிப்புக் கேட்பதற்காகவும் போகவேண்டியிருக்கும்.