கடைக்காரர்கள் கூடினால் தெருவே திருவிழா... தெரியுமா?

கனடாவின் டொரண்டோவில் கோடை பிறந்துவிட்டால் போதும். வாரக் கடைசியில் ஏதாவது ஒரு தெருவைக் கார்களுக்கு மூடி, மேளத்துக்கும் சாப்பாட்டுக்கும் திறந்துவிடுவார்கள்! ஒரு வாரம் கிரேக்கர் தெரு, ஒரு வாரம் கரீபியன் ஊர்வலம், இன்னொரு வாரம் உக்ரைன்காரர்களின் ஆட்டம். நகரவாசிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். விழாக்களுக்குப் பஞ்சம் இருக்குமா? ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி யார் தெரியுமா? கடைக்காரர்கள்!

1960களில் புளோர் தெருவின் மேற்குப் பகுதி வியாபாரிகளுக்குச் சோதனைக் காலம். 1964இல் யார்க்டேல் என்ற பிரம்மாண்டமான மால் திறந்தது. பின்னாலேயே சுரங்க ரயில் வந்தது, தெருவில் ஓடிய டிராம் நின்றது. டிராமிலிருந்து இறங்கி அப்படியே கடைக்குள் நுழைந்த ஜனமெல்லாம் பூமிக்கு அடியில் போய்விட்டது! கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நகராட்சியிடம் போய், ‘எங்களுக்குக் கூடுதல் வரி போடுங்கள்’ என்றார்கள். ஆமாம், வரியைக் கேட்டு வாங்கினார்கள்! நகராட்சி அதை வசூலித்து அந்தத் தெருவுக்கே திருப்பித் தரும். அதை வைத்து விளக்கு, பூந்தொட்டி, பெஞ்சு, விழா எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம் ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரியேதான்; ஒருவர் மட்டும் கொடுக்காமல் நழுவ முடியாது. 1970இல் பிறந்த அந்த ‘புளோர் வெஸ்ட் வில்லேஜ்’தான் இந்த முறையில் உலகத்துக்கே முதல் தெரு! இன்று டொரண்டோவில் மட்டும் இப்படி 80க்கும் மேற்பட்ட வணிக வட்டாரங்கள். அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா என்று யோசனை கடல் தாண்டியும் போய்விட்டது. டான்ஃபோர்த் சாலையில் கிரேக்கச் சாப்பாட்டு விழாவை 1990களில் தொடங்கியதும் இப்படியொரு கடைக்காரர் வட்டாரம்தான். சில ஆயிரம் பேரோடு ஆரம்பித்த விழா, பிறகு பத்து லட்சத்தைத் தாண்டிய கூட்டத்தைப் பார்த்தது!

நவம்பரில் போகிறவர்கள் சாண்டா கிளாஸ் ஊர்வலத்தைத் தவறவிடவே கூடாது. 1905இல் ஈட்டன்ஸ் என்ற பல்பொருள் அங்காடி, ரயிலில் வந்திறங்கிய ஒரே ஒரு கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தன் கடைவரை அழைத்துவந்ததுதான் அதன் ஆரம்பம். வருடா வருடம் அது வளர்ந்துகொண்டே போனது. 1982இல் ‘இனி எங்களால் முடியாது’ என்று ஈட்டன்ஸ் ஒதுங்கிக்கொள்ள, குழந்தைகளின் ஊர்வலம் நின்றுவிடுமோ என்று ஊரே பதறியது. அப்போது ஓடிவந்து தாங்கிப் பிடித்தவர்கள் நகரத்தின் தொழிலதிபர்கள். அதிலிருந்து பிறந்த வழக்கம் அதைவிட அழகு: பெரிய கம்பெனித் தலைவர்களும் பிரமுகர்களும் ஊர்வலத்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, முகத்தில் சாயம் பூசிக் கோமாளி வேஷத்தில் தெருவில் நடக்கிறார்கள்! தொழில் உலகத்தில் எத்தனையோ சந்திப்புகள் நடக்கின்றன. சிவப்பு மூக்கோடு இரண்டு முதலாளிகள் பழக்கமாகிக்கொள்கிற சந்திப்பு வேறெங்கே வாய்க்கும்?

தெருவில் மட்டுமல்ல, மாநாட்டு அரங்கிலும் ஊர் கூடும். மார்ச் தொடக்கத்தில், பனி இன்னும் விலகாத நேரத்தில், உலகத்தின் சுரங்கத் தொழில் முழுவதும் டொரண்டோவில் இறங்கிவிடும். 1932இல் தொடங்கிய மாநாடு அது. தாது தேடுகிறவர், பணம் போடுகிறவர், அரசாங்கத்தார் என்று 100க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து கூடுகிறார்கள்.

செப்டம்பரில் திரைப்பட விழா. அது பிறந்தது 1976இல். 2008இல் அங்கே பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த படம் எது தெரியுமா? ‘ஸ்லம்டாக் மில்லியனர்’! அந்தப் படத்தின் இசைக்காக நம் ஏ.ஆர்.ரஹ்மான் கையில் இரண்டு ஆஸ்கர் ஏறியது அதற்குச் சில மாதம் கழித்துத்தான்.

ஆகஸ்டுக்கு வருவோம். முதல் சனிக்கிழமை வாக்கில் கரீபியன் ஊர்வலம். இறகும் ஜிகினாவுமாகத் தெரு மின்னும். இதைத் தொடங்கியது கடைக்காரர்கள் அல்ல. 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்குக் கரீபியன் மக்கள் கொடுத்த பரிசு இது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. அதனால்தான் இந்த மாதம்.

அதே மாதப் பிற்பகுதியில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள்வரை, ஏரிக்கரையில் கனடியத் தேசியப் பொருட்காட்சி. ராட்டினம், பஞ்சுமிட்டாய் என்று ஊர் மயங்கும் இந்த விழாவும் 1879இல் விவசாயிகளும் ஆலைக்காரர்களும் தங்கள் சரக்கைக் காட்ட வைத்த தொழில் கண்காட்சிதான்! 1882லேயே அங்கே மின்விளக்கு எரிந்தது. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்த வருடமும் அதுதான் என்றால் நம்ப முடிகிறதா?

இதில் நம்மவர் எங்கே என்கிறீர்களா? போரிலிருந்து தப்பி வெறுங்கையோடு வந்திறங்கிய ஈழத் தமிழர்கள் 1991லேயே கனேடியத் தமிழர் வர்த்தக சம்மேளனத்தை அமைத்துவிட்டார்கள்! இலங்கையில் 1983 கலவரம் நடந்து எட்டே வருடம். நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது. டொரண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் 2014இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகச் சட்டமாக்கியது. 2016இல் நாட்டின் நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. பொங்கல் விழாக்களின் வரிசை அந்த மாதம்தான். 2015 ஆகஸ்டில் டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில், மார்க்கம் வீதியில் தமிழர் தெருவிழாவும் தொடங்கியது. மேடையில் பறை அதிர, கீழே கொத்து ரொட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே வீட்டு மனை முகவர், காப்புறுதிக்காரர், வங்கிக்காரர் என்று வரிசையாகக் கூடாரம் போட்டார்கள்.

டொரண்டோவில் எந்தத் தெருவிழாவுக்குக் கிளம்பினாலும், பசியோடு சேர்த்து விசிட்டிங் கார்டும் நாலைந்து எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டு வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரிடம் என்ன தொழில் என்று கேட்டுவிடுங்கள்!